செலவுக்கு ஊர் தெரிதல்: சென்னையா, தஞ்சையா?

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. தலைவன் பொருள் தேடப் புறப்படுவது செலவு; புறப்பட எண்ணியவன் தலைவியின் வாட்டம் கண்டு போக்கினை நிறுத்திக்கொள்வது செலவழுங்குதல். இன்று அச்சொல்லுக்கு வழங்கும் பொருள் வேறு. துறையின் அறிவிப்புப் பலகையில் கல்விச் சுற்றுலா பற்றிய தாள் ஒட்டப்பெற்ற அன்று, மாணாக்கர் அதனை முதற்பொருளிற் படிக்கின்றனர். மாலையில் அத்தாள் செய்தியாக வீடு சென்று சேர்ந்ததும் பெற்றோர் இரண்டாம் பொருளிற் படிக்கின்றனர்.

கோட்டுச்சேரியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த நம் மாணாக்கரின் நிலையை அறிந்தோர்க்கு இஃது எளிய செய்தியன்று. வயலை நம்பிய குடும்பங்கள், கோட்டுச்சேரிமேடு போன்ற கடலோரக் குப்பங்களிலிருந்து வருவோர், சிறுகடை வணிகர் வீட்டுப் பிள்ளைகள், தந்தை அயல்நாட்டில் உழைக்க, தாயின் பொறுப்பில் வளர்வோர் எனப் பலதிறத்தார் நம் வகுப்பில் அமர்ந்துள்ளனர். மூன்றாண்டுப் படிப்பில் இவர்களுட் பலர்க்கு வாய்ப்பது ஒரே ஒரு சுற்றுலா. மாணவியர் சிலர்க்கோ, உறவினர் துணையின்றித் தோழியரோடு ஊர் காணும் பேறு வாழ்நாளிலேயே அது ஒன்றாக இருத்தலும் கூடும். ஆகவே எந்த ஊருக்குச் செல்வது என்னும் வினாவைக் கைதூக்கும் எண்ணிக்கையால் முடித்துவிடுதல் தகாது. சற்று நின்று ஆராய்தல் வேண்டும்.

வினா ஆண்டுதோறும் ஒரே வடிவில்தான் எழுகிறது. மாணாக்கர் சென்னை என்பர்; ஆசிரியர் தஞ்சை என்பர். கடற்கரை, மெட்ரோ தொடர்வண்டி, வானூர்தி நிலையம், பேரங்காடிகள் என மாணாக்கர் அடுக்குவர். பெரிய கோயில், சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம் என ஆசிரியர் அடுக்குவர். சென்னை புதியது, தஞ்சை பழையது என்பதில் இருதிறத்தார்க்கும் ஐயமே இல்லை. அந்த உறுதிப்பாடே முதலில் ஆராயத்தக்கது.

ஊர் தெரிவு செய்து கொடுக்கும் இலக்கியம் தமிழில் உண்டு. ஆற்றுப்படை என்பது யாது? பரிசில் பெற்று மீண்டவன் எதிர்ப்படும் இரவலனுக்கு எங்கே செல்லலாம், எவ்வழிச் செல்லலாம், வழியில் என்ன உண்ணலாம் என்று கூறுவதுதானே! இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய மூவேந்தர் தலைநகரங்களையும் முன்னே நிறுத்திப் புகழ்ந்து, அவை தரும் பரிசிலும் நல்லியக்கோடனின் கொடைக்கு முன் சிறிது என்று ஒதுக்கி, இன்றைய திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலுக்குப் பாணனை வழிப்படுத்துகிறது. பெருநகர் மூன்றினும் சிற்றூர் ஒன்று சிறந்தது என அப்புலவர் துணிந்தமைக்குக் காரணம் ஊரின் பழமையுமன்று, பெருமையுமன்று. போகிறவனுக்கு அங்கே கிடைக்கப்போவது என்ன என்பதே அவர்தம் அளவுகோல். நெய்தல் நிலத்தில் சுட்ட மீனும், மருத நிலத்தில் வெண்சோற்றொடு நண்டும் கிடைக்கும் என வழியுணவையும் அவர் மறவாது குறித்துள்ளார். சுற்றுலாக் குழுவில் உணவுப் பொறுப்பேற்கும் மாணாக்கர் அப்பகுதியைத் தனியே படித்தல் நலம்.

சிலப்பதிகாரத்து ‘ஊர்காண் காதை’யையும் ஈண்டு நினைத்தல் தகும். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். அவன் கண்டவை எவை? மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை ஆகியன நிறைந்த வீதிகள். நமக்குத் தொன்னகராகிய மதுரை, கோவலனுக்கு அன்றைய மாநகரம். நம் கோட்டுச்சேரிக்கு வடக்கே ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள புகாரிலிருந்து சென்ற அவன், இன்று சென்னை செல்லும் இளைஞன் கடைத்தெருவில் எதைப் பார்ப்பானோ அதைத்தான் பார்த்தான். புகாரும் ஒரு காலத்தில் மாநகரமே. எனவே மாநகர், தொன்னகர் என்பன இருவேறு சாதிகள் அல்ல. ஒரே ஊரின் இருவேறு பருவங்கள்.

இவ்வுண்மையைச் சென்னையின்மேல் வைத்துக் காண்போம். ஆங்கிலேயர் அங்கு இடம் பெற்றது 1639-ஆம் ஆண்டு. ஆயின் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. அது பெரிய கோயிலினும் பழமையானது. இன்னும் பின்னோக்கின், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கைக்கோடரி, எழுத்தும் நெல்லும் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மண்ணில் மாந்தர் வாழ்ந்தமைக்குச் சான்றாகிறது. அக்கருவி கிடைத்த இடத்திற்கு அருகில்தான் இன்று வானூர்திகள் இறங்குகின்றன.

காரைக்கால் பகுதியினராகிய நமக்குச் சென்னையோடு பிறிதோர் உறவும் உண்டு. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1749-இல்தான் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் சென்னையும் காரைக்காலும் ஒரே கொடியின்கீழ் இருந்தன என்று வகுப்பில் சொன்னால் மாணாக்கர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காணலாம். பின்னர் 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வீழ்த்தியபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அதனை வேப்பேரியில் இருந்த பப்ரீசியுஸ் என்னும் பாதிரியார் பெற்றார். அவர் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. சென்னை அச்சுத்தொழிலின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து போன இரும்பும் கலந்துள்ளது.

திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் இரும்பும் மரமும் சேராது கருங்கல்லால் கட்டப்பெற்றது. அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகச் செய்யுளை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். தஞ்சைப் பக்கத்திலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. நாம் சிறுவயது முதல் அண்ணாந்து பார்க்கும் நாகூர்ப் பெரிய மினராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணும் மாணவனுக்கு அந்நூற்றாண்டைப் பற்றித் தனிப்பாடம் தேவையில்லை.

தமிழ் மாணாக்கர்க்குச் சென்னை காட்டக்கூடியவை வேறு சிலவும் உள. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையின் பெயர் அங்குள்ள பெண்கள் கல்லூரியால் வந்தது எனப் பலர் எண்ணுவர். 1812-இல் ஆங்கில அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க எழுந்த சென்னைக் கோட்டைக் கல்லூரியின் நினைவே அப்பெயர். அதனோடு தொடர்புடைய எல்லிஸ் துரை, தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துக்காட்டினார்; கால்டுவெல்லின் நூல் வந்தது 1856-இல். திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறியதும் அதே 1812-இல், அதே சென்னையில். எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள், 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம், பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூலகம், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியவை நம் பாடத்திட்டத்தின் பக்கங்களே. ஆயினும் சென்னை சென்று மீண்ட சுற்றுலாக் குழுக்களைக் கேட்டுப் பாருங்கள். நண்பகல் வெயிலில் கடற்கரை, மாலையில் பேரங்காடி, இடையே பேருந்தின் பலகணி வழியே கண்ட மேம்பாலங்கள் - இவையே விடையாக வரும். குறை சென்னையினுடையது அன்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். இங்கு நாம் சற்று நீட்டித்தே சொல்லவேண்டியுள்ளது. ஏனெனில் தஞ்சையைப் பற்றி எல்லாம் தெரிந்ததாக நம் மாணாக்கர் எண்ணுகின்றனர். தெரிந்தவை பெரும்பாலும் வழிகாட்டிகள் கூறும் கதைகள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது அவற்றுள் தலையாயது. அதனை நம்பி வருவோர் காலையிலோ மாலையிலோ திருச்சுற்றில் நின்று தம் கண்ணாலேயே நிழலைக் கண்டுகொள்ளலாம், நன்றாகவே விழுகிறது! இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த கட்டடம் நிழலின்றி நின்றால்தான் வியப்பு என்பதில்லை. அவ்வுயரத்திற்கு அக்காலத்தார் கல்லேற்றியதே போதிய வியப்பு.

1010-இல் முற்றுப்பெற்ற அக்கோயிலில் தமிழ் மாணவன் காணவேண்டியது உயரத்தைவிட அடித்தளத்தை. அதிட்டானம் முழுதும் எழுத்து. இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர் இருந்தது. அப்பெயர் எழுத்தில் நிற்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிக்குக் கொண்டுவரப்பெற்ற 400 பெண்களின் பெயரும், ஒவ்வொருவரும் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியமர்த்தப்பெற்றார் என்பதும் பதிவாகியுள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் எனக் கணக்கும் உள்ளது. திருவாரூரிலிருந்து வந்தோர் அப்பட்டியலில் பலர். கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோர்க்கும் பங்கு குறிக்கப்பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் ஊரை விட்டுப் புதிய தலைநகருக்கு வந்து சேர்ந்தவர்களின் வீட்டுமுகவரி அது. விரும்பி வந்தனரா என்பதைக் கல் சொல்லவில்லை. தஞ்சை அன்று இளைய நகரம்; விசயாலயன் அதனைக் கைப்பற்றி ஒன்றரை நூற்றாண்டே ஆகியிருந்தது. வேலைக்கு வந்தோர் நிறைந்த ஊர். சென்னையைப் புதியது என்போர் இந்த அடித்தளத்தின் முன் நின்று சிறிது எண்ணுதல் வேண்டும்.

சோழரோடு தஞ்சை முடியவில்லை. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு காலங்கள். அவ்வுள்வழிக்குப் பொதுமக்களை விடுவதில்லை. படங்களைக் கண்டே நிறைவுறல் வேண்டும். அதே கோயிலின் சுவரில் மராட்டிய மன்னர் தம் குலவரலாற்றை மராத்தி மொழியில் நெடிய கல்வெட்டாகப் பொறித்துள்ளார். அவர் இரண்டாம் சரபோசி (1798-1832). சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்று, சில ஆண்டுகள் சென்னையிலும் தங்கிக் கற்று, அரியணை ஏறியவர். சிவகங்கைப் பூங்காவை அடுத்த தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் உள்ளது. இறக்கும் தறுவாயில் கிடக்கும் ஆசிரியரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சியை இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியுள்ளார். ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து செல்லும் சுற்றுலாவில் இதனைக் காணாது திரும்புதல் முறையன்று என்பது நம் கருத்து. சரபோசி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி ஏடுகள் உள்ளன. ஏட்டின் முகமே காணாத மாணவன் பாடவேறுபாடு பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண் விடை எழுதுகிறான். ஒரு பனையோலையில் புள்ளியும் இல்லாது, குறில் நெடில் வேறுபாடும் விளங்காது எழுத்துகள் நெருங்கிக் கிடப்பதை ஒருமுறை கண்டால் போதும். பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு அக்கணமே புலனாகும்.

நம் ஊரும் தஞ்சையின் கிளையே. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர்க்கு உரியதானது தஞ்சை அரசின் வழியாகத்தான். சுற்றியுள்ள ஊர்கள் பல பின்னர்ப் பிரதாப சிங் காலத்தில் சேர்ந்தன. கோட்டுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததன் காரணத்தைத் தேடிச் செல்வோர் தஞ்சை அரண்மனை வாயிலில்தான் போய் நிற்பர்.

இவ்வளவும் கூறியபின் இரு நகரங்களையும் ஒரே கயிற்றில் இணைக்கும் ஒருவரை நினைவுகூர்தல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சோழநாட்டிலும் அதற்கு அப்பாலும் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். விடுமுறைகளில் சென்னை சென்று அச்சிட்டார். சீவகசிந்தாமணி 1887-இல் வெளிவந்தது இவ்வாறே. ஏடு இருந்த இடம் ஒன்று, எழுத்துக் கோத்த இடம் மற்றொன்று. அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவில்லை. எதை முன்னர், எதைப் பின்னர் என்பதே அவர்க்கு இருந்த வினா. நமக்கும் அதுவே வினாவாதல் வேண்டும்.

முன்பின் முறையைத் தீர்மானிப்பதில் தொலைவுக்குப் பெரும்பங்கு உண்டு. கோட்டுச்சேரியிலிருந்து தஞ்சை கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் தாராசுரத்தில் இறங்கி அங்குள்ள அறுபத்து மூவர் சிற்பங்களைப் பெரியபுராணப் பாடத்தோடு ஒப்பிட்டுவிட்டு நண்பகலுக்குள் தஞ்சை சேரலாம். சென்னை முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. இரண்டு நாள் சுற்றுலாவில் போக்குவரவே ஒருநாளை விழுங்கும். எஞ்சிய ஒருநாளில் நகருக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல ஆகும் நேரத்தையும் கழித்தால் கைக்கு எட்டுவது நான்கைந்து மணி நேரம். அந்நேரத்தில் கடற்கரையும் அங்காடியும் அன்றி வேறென்ன காண முடியும்? மூன்று நாளுக்குக் குறைந்து சென்னை செல்லுதல் பெற்றோர் தந்த பணத்தைச் சாலையில் இறைத்தலே ஆகும்.

வேறொரு காரணமும் நாம் நெடுநாள் கூறிவந்தோம். சென்னை உங்களை ஒருநாள் அழைக்கும். வேலைக்கோ, நேர்காணலுக்கோ, மருத்துவத்திற்கோ, விமானம் ஏறவோ எப்படியும் நீங்கள் அங்குச் செல்வீர்கள். சரபோசியின் நூலகம் உங்களுக்கு ஆள் அனுப்பப்போவதில்லை. ஆதலின் நாமாகச் செல்லவேண்டியது தஞ்சைக்கே என்பது அவ்வாதம். மாணவர்கள் மறுமொழி கூறவில்லை. மாணவி ஒருத்தி கூறினாள்: “தஞ்சாவூருக்கு எங்கள் வாப்பா அழைத்துப் போவார்கள், ஐயா, மெட்ராசுக்கு யார் அழைத்துப் போவார்கள்?”

அவ்வினாவில் உள்ள நியாயத்தை ஒதுக்க இயலாது. மாநகரம் ஆண்பிள்ளைகளை அழைப்பதுபோல் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளை இன்னும் எளிதில் அழைப்பதில்லை. 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ வண்டிக்குத் தன் கையால் பயணச்சீட்டு எடுத்தல், திசை தெரியாத சாலையில் வழி கேட்டு நடத்தல், பெரிய நூலகத்தில் தன் பெயரெழுதி உள்ளே அமர்தல், அலுவலகங்களில் தன்னொத்த பெண்கள் பணிபுரிவதைக் காணுதல் ஆகியவை பாடத்திட்டத்தில் இல்லாவிடினும் கல்வியே. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்து சாலையைக் கடக்க அஞ்சும் பட்டதாரியை உருவாக்குவதில் துறைக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எனவே சென்னையை நீக்கிவிடும் வாதத்தை நாம் இப்பொழுது கூறுவதில்லை. சென்னைக்கு உரிய நாளையும் உரிய ஆண்டையும் கொடுத்தல் வேண்டும் என்றே கூறுகிறோம்.

துறைக்கு நாம் முன்வைக்கும் வரிசை இதுவாகும். முதலாண்டினர்க்குத் தரங்கம்பாடி, ஒருநாள். கோட்டுச்சேரியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரமும் ஆகாத அவ்வூரை நம் மாணாக்கருட் பலர் சாலையோரப் பெயர்ப்பலகையாக மட்டுமே அறிவர். டேனியர் தஞ்சை நாயக்கரிடம் அங்கு இடம் பெற்றது 1620-இல். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெறுவதற்கு 19 ஆண்டுகள் முன்னர். சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845-இல் டேனியர் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். அதனினும் இளைய சென்னை மாநகராயிற்று. தரங்கம்பாடியோ சிற்றூராய் நின்றுவிட்டது. கோட்டையின் மேல்தளத்தில் நின்று அலை அரித்த கரையைப் பார்த்துக்கொண்டே அதன் காரணங்களை மாணாக்கரோடு உரையாடலாம். அதற்கு அரைநாள் போதாது.

இரண்டாமாண்டினர்க்குத் தஞ்சை, இரண்டு நாள். செல்லுமுன் பெரிய கோயிற் கல்வெட்டின் அச்சுப்படி ஒன்றை வகுப்பிலேயே படித்திருத்தல் வேண்டும். அங்குப் போய்க் கல்லின்முன் நின்று அதே வரியைத் தேடவேண்டும். தேடிக் கண்டெடுத்த வரியை எவரும் மறப்பதில்லை.

இறுதியாண்டினர்க்குச் சென்னை, மூன்று நாள். நம் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை ஆதலால் சுற்றுலாக்கள் அன்று தொடங்குதல் வழக்கமாகிவிட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்திற்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதனைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ளவேண்டும். வெள்ளியன்று திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலையும், பார்த்தசாரதி கோயில் தெருக்களையும், சேப்பாக்கத்து நவாபு அரண்மனையின் வெளித்தோற்றத்தையும் காணலாம். தொழுகைக்குச் செல்வோர்க்கும் அதுவே வசதி. சனியன்று அருங்காட்சியகமும் அதே வளாகத்தை ஒட்டிய கன்னிமாராவும். நூலகங்களுக்கு முன்னரே கடிதம் எழுதி இசைவு பெறுதல் நலம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பெற்றபின் தென்திசைப் பேருந்துகள் பலவும் நகருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அரசுப் பேருந்தில் செல்லும் குழுவினர் அங்கிருந்து நகருள் செல்லும் நேரத்தையும் கணக்கிடல் வேண்டும். கடற்கரைக்கு ஒரு மாலையும் அங்காடிக்கு ஒரு மாலையும் தாராளமாகக் கொடுக்கலாம். கோவலனும் கடைத்தெருவைத்தான் பார்த்தான்.

தொகை பற்றிப் பெற்றோர் கேட்பர். மூன்றாண்டில் மூன்று பயணம் எனின் மும்மடங்கு செலவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை; முதலாண்டுப் பயணத்திற்குப் பேருந்துக் கட்டணமும் வீட்டிலிருந்து கட்டிவரும் நண்பகல் உணவுமே போதும்.